மாம்பழ மஞ்சள் சேலைக்கு ரிட்டர்ன்

ஹலோ… ஹலோ… சொல்லுட்டி ராஜி, பார்சல் வந்துட்டா? … ஹலோ? … யாரு? … இது ராஜகுமாரி நம்பர்லா? … ஓ, வீட்டுக்காரரா! பாண்டியராஜன் தம்பியா? சொல்லுங்க, சொல்லுங்க. … ஆமா, ஆமா, பூரணம் சாரீஸ்தான். சங்கரன்கோவில்ல இருந்து ஞானபூரணம்தான் பேசுதேன். … ஆமா தம்பி, உங்க வீட்டம்மா எங்கிட்டதான் சேலை எடுத்து போன்ல விக்கா. உங்களுக்குத் தெரியாததா. …

என்னது? … எல்லாத்தையுமா? … தம்பி, இருங்க, இருங்க. பைய பேசுங்க, காது கிழியுது. … ஒரு மூட்டைச் சேலையையும் திருப்பி எடுத்துக்கிட்டு துட்டை உங்க நம்பருக்குப் போடணுமா? எதுக்கு? தீபாவளிக்குன்னு அவளே பாத்துப் பாத்துப் பொறுக்கின சேலைலா. புளியங்குடில பாதித் தெரு அவகிட்டதான் எடுக்கு. …

யாரு சொன்னா? … மார்க்கெட்லயா? எலுமிச்சங்கா மார்க்கெட்ல லோடு ஏத்துத இடத்துலயா? … என்னன்னு சொன்னாங்க? … “ஒம் பொண்டாட்டி போன்ல நல்லா விரிச்சு விரிச்சுக் காட்டுதா”ன்னா? சேலையைத்தானே தம்பி காட்டுதா! முந்தியைக் காட்டாம, பார்டரைக் காட்டாம எவ வாங்குவா? எலுமிச்சங்காயை மூட்டைக்குள்ள வச்சுக்கிட்டா ஏலம் விடுதாங்க? கொட்டித்தானே காட்டுதாங்க? … சரி, சரி. … சரி தம்பி, கோவப்படாதீங்க. … பொம்பளைன்னா யாவாரம் பண்ணக் கூடாதா? அப்ப நான் யாரு, மீசை வச்சிருக்கேனா? …

இங்க பாருங்க, உங்க குடும்பத்துக்குள்ள நான் வரல. ஆனா ரிட்டர்னுக்குன்னு ஒரு முறை இருக்கு. இன்னைக்கு வேணும்னு வாங்கிட்டு நாளைக்கு வேண்டாம்னா எடுக்க மாட்டேன். டேமேஜ் இருந்தாத்தான் எடுப்பேன். … என்ன டேமேஜ்? … கறையா? எந்தச் சேலையில? … மாம்பழ மஞ்சள்லயா? தம்பி, அது எங்க தறியில இருந்து என் கண்ணு முன்னால இறங்கின சேலை. என் கையால மடிச்சு, கவர்ல போட்டு, நானே ஒட்டினேன். அதுல கறை இருக்குன்னா எங் காதை அறுத்து வச்சுக்கிடுங்க. … முந்தி பூராவுமா? என்ன கறை? … செவப்பா? குங்குமமா, வெத்தலையா? … தெரியலையா? வீட்டுல இருக்க சேலையில என்ன கறைன்னு உங்களுக்கே தெரியலையா? …

சரி, வாய்ச் சண்டை எதுக்கு. ஓப்பனிங் வீடியோ இருக்கா? … வீடியோ, வீடியோ. பார்சலைக் கிழிக்கதுக்கு முந்தி நாலு பக்கமும் காட்டி, கிழிச்சு, சேலையை விரிச்சுக் காட்டுதது வரைக்கும் நடுவுல நிப்பாட்டாம எடுத்த வீடியோ. அது இருந்தா மறுபேச்சு இல்லாம எடுத்துக்கிடுவேன். இல்லன்னா கலெக்டரே கேட்டாலும் கிடையாது. கவர் மேலேயே அச்சடிச்சிருக்கோம்லா. … படிச்சீங்களா? நல்லது. … அனுப்பியாச்சா? எப்ப? … இப்பத்தானா. எந்த நம்பருக்கு? … கடை நம்பருக்கா. அந்தப் போன் எங்கிட்ட வேலை பாக்குத பிள்ளைகிட்ட இருக்கு. லைன்லயே இருங்க.

ஏட்டி பொன்செல்வி! கடைப் போனைக் கொண்டா. ராஜகுமாரி நம்பர்ல இருந்து வீடியோ வந்திருக்காம், போடு. சத்தம் வேண்டாம், படத்தை மட்டும் ஓட்டு.

ஆங், வந்திருக்கு தம்பி. பாக்கேன். … ராஜிதான். போனை அரிசி டப்பாவுல சாய்ச்சு வச்சிருக்கா போல. சிரிக்கா. நாலு பக்கமும் காட்டிட்டா, சமர்த்து. … கிழிக்கா. … மஞ்சள் சேலைதான். விரிக்கா. … தம்பி, கண்ணாடி போட்டுத்தான் பாக்கேன், ஒரு பொட்டுக் கறை இல்லையே! பளிச்சுன்னுலா இருக்கு! … இன்னும் ஓடுதா? … ஆமா, ஓடுது. … நீங்க முழுசாப் பாத்தீங்களா தம்பி? … கடைசியா எடுத்த வீடியோ எதுவோ அதை அனுப்பிட்டீங்களா. அது சரி. … பாக்கேன், பாக்கேன், அவசரப்படாதீங்க. … முந்தியைத் தோள்ல போட்டுக் காட்டுதா. அழகா இருக்கு அவளுக்கு. … யாரோ பின்னால வாராங்க…

…

…

ஹலோ. … இருக்கேன். … இல்ல தம்பி, இருக்கேன். … ஒண்ணுமில்ல, தும்மல் வந்துட்டு. … வீடியோ சுத்திக்கிட்டே நிக்கு, நெட்டு சரியில்ல. ஒரு நிமிஷம். கட் பண்ணிராதீங்க. கட் பண்ணினா ரிட்டர்ன் பதிவாகாது, மறுபடியும் முதல்ல இருந்து வரணும். … ஆமா, லைன்லயே இருங்க. …

ஏட்டி பொன்செல்வி, கதவைச் சாத்து. மியூட்ல போட்டுட்டேன், அவனுக்குக் கேக்காது. அழாத. … அழாதட்டி, செவிட்டுல அறைஞ்சிருவேன்! பாத்தியா? பொறத்தால வந்து கொண்டையைப் பிடிச்சு இழுக்கான். சேலை தேய்க்க வச்சிருந்த அயன் பாக்ஸ். அதை எடுத்து மண்டையில… ஏசப்பா! … திரும்பவும் அடிக்கான். விழுந்த பொறவும் அடிக்கான். சேலை மேலயே விழுந்து கிடக்கா. இந்த ரத்தத்தைத்தான் அந்தப் பேதியில போவான் கறைங்கான்! தான் அடிச்சதைத் தானே வீடியோவா அனுப்பிட்டு ரிட்டர்ன் கேக்கான். முழுசாப் பாக்கவே இல்ல, கோட்டிக்காரப் பய. …

எப்ப எடுத்ததுன்னா கேக்க? … சன்னல்ல வெயில் விழுது பாரு, இன்னைக்குக் காலையிலதான். பார்சலே காலையிலதான் போய்ச் சேர்ந்திருக்கு. … உயிரோட இருக்காளான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயை மூடிட்டு நான் சொல்லுததைச் செய். ஆமினாளுக்குப் போடு முதல்ல. அவளும் நம்மகிட்ட எடுத்து விக்குதவதான், ராஜி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. வீடியோவை அனுப்பி, கைக்குக் கிடைச்ச பொம்பளைகளைக் கூட்டிட்டு ஓடச் சொல்லு. அடுத்து நூத்தி எட்டு, அடுத்து போலீசு. பார்சல் சீட்டுல அட்ரஸ் இருக்கு, அதைப் பாத்துச் சொல்லு. … நான் ஏன் இன்னும் அவனை வையலையா? வஞ்சா போனை வச்சுருவான். வச்சுட்டு அவகிட்ட மிச்சம் இருக்க உசுரையும் எடுத்துருவான். அவன் வாயும் கையும் எங்கூடவே இருக்கணும். போ, பக்கத்து ரூம்ல நின்னு பேசு. …

ஹலோ தம்பி. … ஆமா, பாத்துட்டேன். … முழுசா எங்க, பாதியில நின்னுட்டு. ஆனா கறை தெரியுது. … ஆமா, ஆமா, நல்லாவே தெரியுது. நீங்க சொன்னதுதான் சரி, எந் தப்புதான். … எடுத்துக்கிடுதேன். எல்லாச் சேலையையும் எடுத்துக்கிடுதேன். … சந்தோஷமா? …

ராஜி எங்க? அவகிட்டயும் ஒரு வார்த்தை… தூங்குதாளா? வெயில் ஏறின பொறவுமா? … காய்ச்சலா. பாவம். … எங்க படுத்திருக்கா, கட்டில்லயா? … தரையிலயா. சரி, தரைதான் குளிர்ச்சி. … மாத்திரை ஏதும் குடுத்தீங்களா? … ஒரு வாய் தண்ணியாவது… சரி சரி, நான் கேக்கல. உங்க பொண்டாட்டி, உங்க பாடு. …

வைக்காதீங்க! தம்பி, வைக்காதீங்க, இன்னும் முடியல. துட்டு இன்னைக்கே வேணும்லா? அப்ப நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க. மத்த சேலையெல்லாம் எங்கன இருக்கு? … அவ பக்கத்துலயா. எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வாசப் பக்கம் வந்துருங்க. அங்கனதான் சிக்னல் நல்லா இருக்கும். … ஆமா, அவ தூங்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம். … வந்துட்டீங்களா? இப்ப கவர்ல இருந்து உருவி ஒவ்வொண்ணா மடிக்கணும். பார்டர் வெளிய தெரியணும், முந்தி உள்ள போகணும். … மடிக்காம இருந்தா எங்க ஆளு எடுக்க மாட்டா. … தெரியாதா? நான் சொல்லித் தாரேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு ரெண்டு கையாலயும் பிடிங்க. பாதியா மடிங்க. திருப்பி ஒரு பாதி. … தம்பி, கையைக் கழுவிட்டு மடிங்க. … கழுவிட்டுத்தான். இல்லன்னா நல்ல சேலையிலயும் கறை ஆயிரும். …

கழுவியாச்சா? … போச்சா? … நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. …

மடிங்க, மடிங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். … ஒண்ணு சொல்லட்டுமா தம்பி? உங்க வீட்டம்மா போன்ல சேலை காட்டி முதல் லைவ் போட்ட அன்னைக்கு “அக்கா, முகத்தைக் காட்டாமப் போடலாமா?”ன்னு கேட்டா. கை மட்டும்தான் தெரிஞ்சுது. ஒரே ஒரு சேலைதான் வித்துப் போச்சு. அன்னைக்கு எனக்குப் போன் போட்டு அழுதா, “யாருன்னே தெரியாத ஒருத்தி என்னை நம்பி துட்டு அனுப்பிட்டா அக்கா”ன்னு. … சரி, சொல்லல. … சொல்லல தம்பி, நீங்க மடிங்க. …

எதுக்கு இவ்வளவு கோவம் உங்களுக்கு? … சொல்லுங்க, என்னை அக்கா மாதிரி நெனச்சுக்கோங்க. … ஓ. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸை உங்களைக் கேக்காமலே கட்டிட்டாளா. அது பெரிய தப்புதான். … ஆமா, ஆமா, அப்புறம் புருஷன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான். … எதுத்து வேற பேசினாளா? என்ன பேசினா? … “எந் தொழில்ல கை வைக்காதீங்க”ன்னாளா. … ஆமா. … ஆமா தம்பி. கோவம் வரத்தான் செய்யும். … கை நீட்டினீங்களா? … லேசாத்தானா. … லேசா ஒரு தட்டு. … சரி. … சரி தம்பி. ஒரு நிமிஷம், இங்கன ஒரு கஸ்டமர் வந்திருக்கா, லைன்லயே இருங்க. …

லேசா ஒரு தட்டாம்! ஏட்டி பொன்செல்வி, மியூட்ல இருக்கான், சீக்கிரம் சொல்லு. எங் கையில மட்டும் கிடைச்சான்னா அவன் ரெண்டு கையையும் மணிக்கட்டோட நறுக்கி ஓடுத தறிக்குள்ள போட்டுருவேன். … ஆம்புலன்ஸ் கிளம்பிட்டா? நல்லது. ஜீப்பு? … சரி. ஆமினாள் எங்கன வாரா? … தண்ணி டேங்க்கிட்ட வந்துட்டாளா. கூட யாரு? … மூணு பொம்பளைகளா. போதும். அங்கன இருந்து வீடு தெரியுதாமா? … கதவு சாத்திக் கிடக்கா. அவளுவ போய்த் தட்டினா தொறக்க மாட்டான்ட்டி, உள்ள என்னமும் செஞ்சிருவான். மறைஞ்சு நிக்கச் சொல்லு. நான் தொறக்க வைக்கேன். …

தம்பி, இருக்கீங்களா? … மடிச்சாச்சா? அட, அதுக்குள்ளயா! … அவ்வளவுதான் வேலை. எடுத்துட்டு வர ஆளு சொல்லிட்டேன். புளியங்குடில இருக்கவதான், கிட்டத்துல வந்துட்டா. … பொம்பளை ஆளுதான். மூட்டை தூக்க ரெண்டு மூணு பேரு கூட வருவாளுவ. … கதவைத் தொறந்து வச்சுட்டு வாசல்ல நில்லுங்க, வீடு தெரியாம சுத்துவாளுவ. … ஏன்? … உள்ள யாரும் வர மாட்டாங்க தம்பி, வாசல்லயே வாங்கிட்டுப் போயிருவாங்க. … துட்டு வந்தாத்தான் தொறப்பீங்களா. … அப்படியா. …

அப்ப ஒண்ணு செய்யணும். ராஜி வாயால ஒரு “சரி” வேணும். … ஆர்டர் அவ பேருலலா இருக்கு. … நீங்க சொன்னாப் போதாது தம்பி, எங்க முறை அப்படி. அவ “ம்”னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், நான் பதிஞ்சுக்கிட்டு துட்டைப் போட்டுருவேன். … எழுப்ப வேண்டாம். போனை மட்டும் காதுகிட்ட வைங்க. … ஆமா. … வச்சாச்சா? …

ராஜி. … ராஜி, பூரணம் அக்கா பேசுதேன். … ராஜகுமாரி! … ஏட்டி, சேலையெல்லாம் நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். ஆளு வருது. நீ எழுந்திரிக்க வேண்டாம், பேச வேண்டாம். நான் பேசுதது கேட்டா ம்னு மட்டும் சொல்லு. … ராஜி? …

…

கேட்டுட்டு. கேட்டுட்டு மக்கா. போதும், போதும். … என்ன? … என்னட்டி, புரியல. … எடுக்கவா? … எடுக்கக் கூடாதா? … சேலையைத் திருப்பி எடுக்கக் கூடாதா? ராஜி, அதை இப்பப் பேசாத. … ஏட்டி, பேசாத! உன் சேலைதான், உன் யாவாரம்தான், எவனும் எடுக்கல, நீ வாயை மூடிட்டுக் கிட… தம்பி! தம்பி, போனை எடுங்க! … அவ காய்ச்சல்ல உளறுதா. “சரி”ன்னுதான் சொன்னா, எனக்குக் கேட்டுட்டு. … மிதிக்காதீங்க! … தம்பி, அவ சரின்னுட்டா! பதிவாயிட்டு! எல்லாம் பதிவாயிட்டு, துட்டு வருது! வாசலுக்கு வாங்க. … வாங்க தம்பி. … ஆமா. … ஆமா, பொம்பளைக்கு அவ்வளவு திமிரு ஆகாதுதான். நீங்க இந்தப் பக்கம் வாங்க. நான் துட்டு போடுதேன், ஒரே நிமிஷம். …

ஏட்டி, மியூட்ல போட்டுட்டேன், உசுரு இருக்கு! பேசினா! … சாகக் கிடக்கவளுக்குச் சேலையைத் திருப்பிக் குடுக்க மனசு வரல பாத்தியா. அதுக்கும் மிதிக்கான், பாவி. … என்ன? ஏன் முழிக்க? … குரூப்லயா? எந்தக் குரூப்ல? … எல்லாரும் இருக்க குரூப்லயா போட்ட? ஆமினாளுக்கு மட்டும்லா அனுப்பச் சொன்னேன்! … கைப் பழக்கத்துல போட்டுட்டியா. கட்டையில போறவளே! நம்ம குரூப்ல எது விழுந்தாலும் நம்மகிட்ட வாங்கி விக்குத பொம்பளைங்க புது டிசைன்னு நெனச்சு, தொறந்துகூட பாக்காம அடுத்த நிமிஷம் ஸ்டேட்டஸ்ல ஏத்திருவாளுவளே! தெரியாதா உனக்கு? … அழி. அழி, அழி! … ஏத்திட்டாளுவளா. … புளியங்குடி பூரா போயிருக்கும். மார்க்கெட்காரன் ஒவ்வொருத்தன் வீட்டுலயும் ஒருத்தி இதைப் பாப்பா, புருஷன்கிட்ட காட்டுவா. பாண்டியராஜன் போனுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? … அழுது என்னத்துக்கு? ஆமினாளைக் கதவுகிட்ட போகச் சொல்லு! …

ஹலோ தம்பி! … போட்டுக்கிட்டே இருக்கேன், துட்டு அனுப்புத ஆப் சுத்துது. … என்ன சத்தம் அது? … உங்க சொந்தப் போனா அடிக்கு? எடுக்காதீங்க. … துட்டு போடுத நேரத்துல எடுக்காதீங்கங்கேன்! … யாரு, மார்க்கெட் ஆளா? பொறவு பேசிக்கிடலாம். கதவைத் தொறங்க, எங்க ஆளு வந்துட்டு. … என்ன பாக்கீங்க? … தம்பி? … பாண்டியராஜன்? …

பாத்துட்டியா.

… ஆமா. ஆமாலே, நீதான். உன் வீடுதான். உன் கைதான். … யாரு அனுப்பினான்னா கேக்க? நீ அனுப்பினதுலே! கறைக்கு ரிட்டர்ன் வேணும்னு உன் கையாலயே எனக்கு அனுப்பினதுலே, சவத்து மூதி! …

ஏ! ஏலே! உள்ள எங்க ஓடுத? அவளைத் தொடாத! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. … காலை எடு. அவ மேல இருந்து காலை எடுலே! … கேளு. நான் சொல்லுததைக் கேளு! அவளா ஊருக்கு அனுப்பினா? நான்லா அனுப்பினேன். நான்தான் போட்டேன், வேணும்னுதான் போட்டேன். … ஆமா, சிரிச்சுக்கிட்டே போட்டேன். பொம்பளையைப் பொறத்தால வந்து அடிச்ச பெரிய வீரன் மூஞ்சியை நாலு பேரு பாக்கட்டும்னு போட்டேன். மார்க்கெட்ல என்ன சொல்லுதாங்க? சிரிக்காங்களா? காறித் துப்புதாங்களா? … நல்லாத் துப்பட்டும்! …

கொன்னுருவியா? யாரை, அவளையா? அவளைக் கொன்னா என் போன்ல இருக்கது அழிஞ்சிருமா? கோட்டிக்காரப் பயலே! வீடியோ எங்கிட்டலா இருக்கு. இன்னும் செத்த நேரத்துல எனக்கு லைவ். ஊரு ஊரா உக்காந்து பொம்பளைங்க பாப்பாளுவ. இன்னைக்குச் சேலை காட்ட மாட்டேன்லே, உன்னைக் காட்டப் போறேன். உம் பேரு, உன் அப்பன் பேரு, உன் தெரு, எல்லாம் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன். நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்டுவேன். … முடிஞ்சா வந்து நிறுத்து. … அங்கன நின்னு கத்தினா நிக்குமா? … அவளை உதைச்சா நிக்குமா? என்னைலா உதைக்கணும்! …

ஏட்டி, மியூட்ல இருக்கு, ஒரே வார்த்தை. கதவு தொறந்தா ஆமினாளை வழி விடச் சொல்லு. யாரும் குறுக்க விழக் கூடாது, அவன் போகட்டும். …

ஆங்? என்னலே சொன்ன? திரும்பச் சொல்லு, காது குளிரட்டும். … சொல்லு, சொல்லு. இதை விட நாறின வார்த்தையெல்லாம் சங்கரன்கோவில் பஜார்ல கேட்டவ நான். புருஷன் செத்த அடுத்த வாரமே தறிக் கதவைத் தொறந்து வச்சு ஓட்டினவ. உன்னை மாதிரி எத்தனை பேரு வாசல்ல நின்னு கத்திட்டுப் போயிருக்கான். … அரிவாளா? தேங்கா வெட்டுத அரிவாளா? எடு. மொட்டையா இருந்தா தீட்டிட்டு வா. … உன் லட்சணத்துக்கு அந்த அயன் பாக்ஸ்தான் சரி, அதையும் தூக்கிட்டு வா. வந்து முன்னால நின்னு அடிலே! ஒரு தடவையாவது ஒரு பொம்பளையை முன்னால நின்னு அடி! … ஓடிருவேனா? நானா? … நீ வாரவரைக்கும் உக்காந்திருக்கேன் வா. லைவையும் நீ வந்த பொறவே ஆரம்பிக்கேன், உன் மூஞ்சி நேர்லயே விழட்டும். …

என்ன, சத்தத்தைக் காணோம்? பயந்துட்டியா? … பயம்னா உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா. … ஆங், அப்படி வா. … தாப்பாளா அது? … தொறந்துட்டியா. … வண்டியை எடு. … உதைலே, வண்டிகூடக் கிளம்ப மாட்டேங்கு உனக்கு! … ஆங். …

எங்கன வரணுமா? நல்லாக் கேட்டுக்கோ. ரோட்டைப் பிடிச்சு நேரா சங்கரன்கோவிலுக்கு வா. பஸ் ஸ்டாண்டைத் தாண்டு. தறிச் சத்தம் கேக்கும், அந்தச் சந்துக்குள்ள திரும்பு. நீலக் கேட்டு. பூரணம்னு எழுதியிருக்கும். … ஆம்பளை யாரும் இல்ல, நான் ஒத்தையாத்தான் இருக்கேன். … கேட்டைத் தொறந்துதான் வச்சிருக்கேன். வா. … வாலே. … ஹலோ? … ஹலோ? …

வச்சுட்டான். ஏட்டி பொன்செல்வி, ஆமினாளை உள்ள ஓடச் சொல்லு. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் ராஜி தலையைத் துணி வச்சு அமுக்கிப் பிடிக்கச் சொல்லு. அவன் எந்த வண்டியில வாரான்னு பாத்து போலீசுக்குச் சொல்லச் சொல்லு. … நீ பின்வாசல் வழியா உன் வீட்டுக்குப் போ. … போட்டி, சொன்னாக் கேளு. … நான் வர மாட்டேன். நான் இங்கன இல்லன்னா அவன் திரும்பி அங்கனதான் போவான்.